மாதிரி மின்படகுப் போட்டியும் மோட்டர்த் தகுதி விதிகளும்

ஒன்றரை முழம் முதல் இரண்டு முழம் வரை நீளமுள்ள சிறு படகுகளை நீர்நிலையில் விட்டு, கரையில் நின்றவாறே வானொலி அலைகளாற் செலுத்திப் பந்தயம் ஓட்டும் விளையாட்டொன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல்லாண்டுகளாக நடைபெற்று வருகின்றது. இப்படகுகளுட் சில எண்ணெய் இயந்திரத்தாலும் சில மின்மோட்டராலும் ஓடுவன. மின்மோட்டரால் ஓடுவனவற்றைப் பற்றியதே இக்கட்டுரை. அவற்றுள்ளும், எந்த மோட்டர் போட்டிக்கு உரியது, எது உரியதன்று என வரையறுக்கும் விதிகளையே நாம் சிறப்பாக ஆராயப் புகுந்தோம். படகின் அழகும் அதனைக் கட்டும் முறையும் ஓட்டுஞ் சாதுரியமும் இருக்க, விதியைப்பற்றி எழுதுவானேன் என வாசகர் வினவலாம். பௌதிகம் கற்கும் மாணவனுக்கு அவ்விதிகளைப்போல் நல்ல பாடம் அரிது. அன்றியும், பொருள் குறைந்தவனும் பொருள் மிக்கவனும் ஒரே கரையில் ஒப்ப நிற்றல் கூடுமோ என்னும் வினாவும் அவற்றினுள்ளே அடங்கிக் கிடக்கின்றது.

வானொலியாற் செலுத்தப்பட்ட கலங்களுள் பொதுமக்கள் முதன்முதற் கண்டதாகக் கொள்ளப்படுவதும் ஒரு மின்படகே. 1898ஆம் ஆண்டில் நிக்கொலா தெஸ்லா என்னும் அறிஞர், நியூயோர்க் நகரத்து மடிசன் சதுக்க மண்டபத்திலே, நீரில் மிதந்த சிறு படகொன்றைக் கம்பித் தொடர்பு எதுவுமின்றிச் செலுத்திக் காட்டினார். மின்கலங்களும் மோட்டரும் அப்படகினுள்ளே இருந்தன. அன்று அவருக்குப் போட்டியாளர் எவரும் இலர். ஆதலின் மோட்டர் விதியும் வேண்டப்படவில்லை.

போட்டிகள் தோன்றிய பின்னரும் நெடுங்காலம் மோட்டரின் வலுவைப்பற்றிப் பலர் கவலையுற்றிலர். அக்காலத்து மின்கலமும் காந்தமும் தாமாகவே வேகத்துக்கு வரம்பிட்டிருந்தமையே காரணம். கலமொன்றுக்கு 1.2 உவோல்ற்று மாத்திரம் தரும் நிக்கல் கத்மியம் மின்கலங்கள் நிறை மிக்கவை. மட்பாண்டம்போற் சுட்டெடுக்கப்படும் பெரைற்றுக் காந்தமும் கரித்தூரிகையும் கொண்ட மோட்டர்களோ, சற்று மிகையான மின்னோட்டம் பாய்ந்தவுடன் தூரிகை கருகி மடிவன. 1980களின் முற்பகுதியில் நியோடிமியம், இரும்பு, போரன் என்பவற்றாலான வன்மை மிக்க காந்தம் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஆக்கப்பட்டது. அதன்பின் தூரிகையற்ற மோட்டர்கள் மலிந்தன. கலமொன்றுக்கு 3.7 உவோல்ற்றுத் தரும் இலிதியம் பல்பகுதிய மின்கலங்களும் வந்து சேர்ந்தன. பழைய மின்கலம் பன்னிரண்டு சேர்ந்து தந்த 14.4 உவோல்ற்றைப் புதியன நான்கே விஞ்சின. இவ்வாறு, முன்னர் இயற்கை இட்டிருந்த வரம்பு நீங்கவே, மனிதர் வரம்பிட வேண்டியதாயிற்று.

வரம்பு வேண்டப்பட்டமைக்குக் காரணம் இரண்டு. ஒன்று செலவு, அதனைப் பின்னர் விரிப்போம். மற்றது ஆபத்து. 2 கிலோகிராம் நிறையுள்ள படகொன்று மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுமாயின், அதன் இயக்கசத்தி ஏறத்தாழ 490 யூல் ஆகும். விரைவுப் பந்துவீச்சாளன் மணிக்கு 140 கிலோமீற்றரில் எறியும் கிரிக்கெற் பந்தின் சத்தி 120 யூல் அளவினதே. தலைக்கவசமும் காற்காப்பும் அணிந்து ஏற்கும் பந்தினும் நான்மடங்கு சத்தியுள்ள பொருள், கரையிலே வெறுந்தலையோடு நிற்பவரை நோக்கித் தவறி வருமாயின் என்னாகும்? கூரிய மூக்கும் சுழலும் உலோக விசிறியும் அதற்கு உண்டு என்பதையும் மறத்தலாகாது.

இனி மோட்டரை அறிவாம். தூரிகையற்ற மோட்டர்களின் மீது கே.வி. என்று குறித்து ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். இதனைக் கிலோவோல்ற்று என மயங்குதல் கூடாது. உவோல்ற்று ஒன்றுக்கு மோட்டர், சுமையின்றி, நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுழலும் என்பதையே அவ்வெண் குறிக்கும். 2030 என்னும் எண்ணுள்ள மோட்டரை 14.8 உவோல்ற்று மின்கலவடுக்கோடு தொடுத்தால் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 30,000 சுற்றுச் சுழலும். 1500 என்னும் எண்ணுள்ளது 22,200 சுற்றே சுழலும். அதற்கு மேல் அவை ஏன் சுழல்வதில்லை? சுழலும் மோட்டர் அதே வேளையில் மின்பிறப்பாக்கியாகவும் தொழிற்படுகின்றது. காந்தம் சுருளைக் கடக்குந்தோறும் சுருளில் ஓர் எதிர் அழுத்தம் தூண்டப்படும். இதனைப் பின் மின்னியக்கவிசை என்பர். வேகம் ஏற ஏற இவ்வெதிரழுத்தமும் ஏறி மின்கலவடுக்கின் அழுத்தத்தை அண்மும். இரண்டுக்குமிடையே எஞ்சும் சிறு வேறுபாடே சுருளினூடாக மின்னோட்டத்தைச் செலுத்துகின்றது.

இச்சிறு வேறுபாட்டில்தான் விதியெழுதுவோரின் இடர் முழுவதும் உறைகின்றது. ஆதலின் அதனைக் கணக்காற் காட்டுதல் நன்று. 2030 எண்ணுள்ள மோட்டர் ஒன்று, சுமை ஏற்றியபின், நிமிடத்துக்கு 26,000 சுற்றில் ஓடுகின்றது எனக் கொள்வோம். மின்கலவடுக்கின் அழுத்தம் 14 உவோல்ற்று. மோட்டர், கம்பி எல்லாவற்றினதும் மொத்தத் தடை 0.02 ஓம். பின் மின்னியக்கவிசை 26,000ஐ 2030ஆற் பிரிக்க வருவது, அதாவது 12.8 உவோல்ற்று. எஞ்சிய வேறுபாடு 1.2 உவோல்ற்றிற் சிறிது குறைவு. அதனை 0.02ஆற் பிரித்தால் மின்னோட்டம் ஏறத்தாழ 60 அம்பியர். விசிறிக்குச் செல்லும் வலு 770 உவாற்றளவினது. வெப்பமாய் வீணாவது 70 உவாற்று. இப்பொழுது அதே மோட்டருக்குச் சற்றுப் பெரிய விசிறியைப் பூட்டுவோம். வேகம் 24,000 சுற்றாகக் குறைகின்றது. பின் மின்னியக்கவிசை 11.8 ஆகவே, வேறுபாடு 2.2 உவோல்ற்றளவாகின்றது, மின்னோட்டம் 109 அம்பியராக ஏறுகின்றது. விசிறிக்குச் செல்லும் வலு ஏறத்தாழ 1,290 உவாற்று. வெப்பமோ 240 உவாற்றை அண்மி மும்மடங்குக்கும் மேலாகின்றது. மின்கலவடுக்கின் அழுத்தம் இறங்கவில்லை என்றும் இரும்பில் ஏற்படும் இழப்பு இல்லை என்றும் வைத்துக்கொண்டோம். உண்மையில் எண்கள் சிறிது மாறும், முடிபு மாறாது.

மோட்டர் மாறவில்லை; கே.வி. எண் மாறவில்லை, வலுவோ ஒன்றரை மடங்குக்கும் அதிகமாயிற்று. எனவே, இன்ன மோட்டரே பூட்டுக என்னும் விதி வலுவுக்கு வரம்பிடுவதில்லை. அது வரம்பிடுவது மோட்டர் எரியாமல் எவ்வளவு வெப்பத்தைப் பொறுக்கும் என்பதற்கே. பருத்த மோட்டரிற் செம்பும் இரும்பும் மிகுதி. ஆதலின் அது மிகுந்த வெப்பத்தைத் தாங்கும். சிறுத்தது தாங்காது. பேராசையாற் பெரிய விசிறி பூட்டியவன் மூன்றாஞ் சுற்றிலே புகையைக் காண்பான். விதியை மீறாத அவனை நடுவர் தண்டிப்பதில்லை, செம்பு தண்டித்துவிடும்.

விசிறியைப்பற்றியும் ஒருவார்த்தை. நீரிற் சுழலும் விசிறி உறிஞ்சும் வலு, ஏறத்தாழ, சுழல்வேகத்தின் முப்படியாகவும் விட்டத்தின் ஐம்படியாகவும் ஏறும். சுழல்வேகம் பத்திலொரு பங்கு கூடினால் வலு மூன்றிலொரு பங்கு கூடும். 42 மில்லிமீற்றர் விசிறியைக் கழற்றி 45 மில்லிமீற்றர் விசிறியைப் பூட்டினால், அதே வேகத்திற் சுழற்ற, நூற்றுக்கு 41 பங்கு மிகையான வலு வேண்டும். மூன்று மில்லிமீற்றர் என்பது நெல்லொன்றின் தடிப்பளவே. இதனை அறிந்தவன் ஓட்டத்தில் வெல்வதற்கு மோட்டரிற் கள்ளஞ் செய்ய வேண்டியதில்லை. விரைவுப் படகின் விசிறி பாதி நீரிலும் பாதி காற்றிலுமாகச் சுழல்வது. அதனைத் தேர்ந்து, அராவி, சமன்செய்து அமைப்பதே இவ்விளையாட்டின் உண்மையான கல்வி என்பது நமது துணிபு. மோட்டரை ஒப்பாக்கும் விதி அக்கல்விக்கு இடமளிப்பதனாலேயே நாம் அவ்விதியை விரும்புகின்றோம்.

அமெரிக்காவிலே, வட அமெரிக்க மாதிரிப்படகுச் சங்கம் என்னும் அமைப்பு மின்படகுகளை மின்கலவடுக்கின் அழுத்தத்தைக் கொண்டு வகுப்புகளாகப் பிரித்தது. நான்கு இலிதியம் மின்கலங்களைத் தொடராக இணைத்து ஓட்டுவது பீ வகுப்பு. இவ்வகுப்பினுள்ளே, விரும்பிய மோட்டரைப் பூட்டும் திறந்த போட்டி ஒருபுறமிருக்க, வரையறுத்த பீ வகுப்பு என வேறொன்றும் வகுக்கப்பட்டது. சங்கம் பெயர் குறித்து வெளியிட்ட அட்டவணையிலுள்ள மோட்டர்களுள் ஒன்றையே அதிற் பூட்டல் வேண்டும். ஒற்றையடிப் படகு, நீர்மேல் வழுக்கும் படகு, ஈரடிப் படகு என வடிவ வேறுபாட்டால் அது மேலும் கிளைக்கும். ஈரடிப் படகை ஆங்கிலேயர் நம் மொழியின் கட்டுமரம் என்னும் சொல்லைத் திரித்தே வழங்குவர். ஆயின் மரங்களை அடுக்கிக் கட்டிய நம் மீனவரின் கலம் வேறு, இது வேறு.

அட்டவணையில் இடம்பெற்ற மோட்டர்கள் விலையுயர்ந்தவையல்ல. கடையில் வாங்கிய அன்றே ஓட்டத்தக்கதாய் விற்கப்பட்ட முழுப்படகுகளினுள் வைத்து வந்தவையே அவற்றுட் பல. அக்குவாகிராப்ட் என்னும் பெயரில் விற்கப்பட்ட 36-56-2030 மோட்டர் இதற்கு நல்ல உதாரணம். யூ.எல்.1 சுப்பீரியர் என்னும் வழுக்குபடகினுள் அது வைக்கப்பட்டிருந்தது. அதன் பெயரே அதன் அளவு: விட்டம் 36 மில்லிமீற்றர், நீளம் 56 மில்லிமீற்றர், கே.வி. எண் 2030. ஒரு சிறுவன் அப்படகை வாங்கி, கடையிலிருந்து நேரே ஏரிக்குச் சென்று, பல்லாண்டு பழகியவரோடு ஒரே வகுப்பிற் போட்டியிடலாம். அவனுடைய மோட்டர் அவர்களுடைய மோட்டரே. இவ்வளவு எளிதாகப் புதியவனை வரவேற்கும் விதி பிறவிளையாட்டுகளிற் பெரும்பாலும் இல்லை. நடுவருக்கும் தொல்லையில்லை, மூடியைத் திறந்து, மோட்டரின் மேல் ஒட்டிய பெயரை வாசித்தாற் போதும்.

ஆனால் பெயர் அளவன்று. அக்குவாகிராப்ட் என்பது இலினோய் மாநிலத்துச் ஷாம்பேன் நகரிலிருந்த ஹொபிக்கோ என்னும் பெருவணிக நிறுவனத்தின் விற்பனைப் பெயர்களுள் ஒன்று. 2018ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அந்நிறுவனம் கடன் தீர்க்கவியலாது நீதிமன்றத்தை நாடியது. அவ்வாண்டு ஏப்ரில் மாதத்தில் அதன் உடைமைகளிற் பெரும்பகுதியை, அதே நகரிலிருந்த ஹொறைசன் ஹொபி என்னும் நிறுவனம் வாங்கிக்கொண்டது. வாங்கிய நிறுவனத்துக்கு முன்னரே புரோபோட் என்னும் சொந்தப் படகுப்பெயர் இருந்தது. நீரோடு யாதொரு தொடர்புமற்ற ஒரு கடன் வழக்கு, இவ்வாறு, ஏரிக்கரையில் ஓடும் போட்டியின் விதியைத் தொட்டுவிட்டது.

பெயரால் அமைந்த விதிக்கு நேரும் இடர் இத்தகையதே. உற்பத்தி நின்ற மோட்டர் அட்டவணையில் இருந்துகொண்டேயிருக்கும். முன்னரே ஐந்தாறு வாங்கி வைத்தவன் கவலையின்றி ஓட்டுவான். புதியவன் அதனைத் தேடித் திரிவான். கிடைத்தால் மிகைவிலை கொடுப்பான். அட்டவணையிலிருந்து அதனை நீக்கினாலோ, நேர்மையாய் வாங்கியவர்களின் பொருள் ஒரே நாளிற் பயனற்றதாகும். புதிய மோட்டரொன்றைச் சேர்க்கலாமெனின், அது பழையதனோடு சரிநிகரா என்று சோதித்தல் வேண்டும். சிறிது வலிதாயின் எல்லோரும் அதனை வாங்க நேரும். மெலிதாயின் எவரும் வாங்கார். வணிகன் தன் மோட்டரின் உட்புறத்தை, பெயரை மாற்றாமலே, மாற்றுவதும் உண்டு: சுருளின் கம்பி தடிக்கலாம், காந்தத்தின் தரம் உயரலாம். மேலே ஒட்டிய தாள் மாத்திரம் பழையதாயிருக்கும். சிறுவனை வரவேற்பதற்கென எழுந்த விதி, சிலவாண்டு கழிந்தபின், அவனைக் கதவடைத்து நிறுத்தும் விதியாய்விடுகின்றது. இவ்விடயத்தில் நம்மை வருத்துவது இதுவே.

வேறொன்றும் உண்டு. ஒரே பெட்டியில் வந்த பத்து மோட்டர்கள் பத்தும் ஒரே தன்மையனவல்ல. காந்தத்தின் வன்மையிலும் சுருளின் இறுக்கத்திலும் சிற்றளவான ஏற்றத்தாழ்வு இருந்தே தீரும். பொருளுள்ளவன் பத்தையும் வாங்கிச் சோதித்துச் சிறந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்பதை விற்றுவிடுவான். விலை குறைந்த மோட்டராயினும் தெரிவுசெய்யும் செலவு குறைந்ததன்று. இதற்கு மாற்றாக, போட்டி நாளன்று நடத்துவோரே மோட்டர்களைக் குலுக்கிப் பங்கிடும் வழக்கம் சில மாதிரிக்கார்ப் போட்டிகளில் உண்டு. மெய்யான மோட்டர்வண்டிப் பந்தயங்கள் சிலவற்றிலோ, வென்றவனின் இயந்திரத்தைக் குறித்த விலைக்கு எவரும் கேட்டு வாங்கலாம் என்னும் விதியுண்டு. குறித்த விலைக்கு விற்க நேருமென்று அறிந்தவன் அதிற் பெரும்பணம் இறைக்கமாட்டான். மனித இயல்பை நன்கறிந்து செய்யப்பட்ட விதி அது.

பெயரை விட்டு அளவைப் பற்றிய விதியொன்று எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதற்கு நம் எல்லோர்க்கும் தெரிந்த விளையாட்டே சான்று. 1771ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடைபெற்ற ஆட்டமொன்றில், வைற் என்னும் ஆட்டக்காரர் விக்கெற்றின் அகலமேயுள்ள துடுப்போடு வந்து நின்றார். எதிரணியினரான ஹம்பிள்டன் கழகத்தார் துடுப்பின் அகலம் நாலேகால் அங்குலத்தை மீறலாகாது என்று எழுதிவைத்தனர். 1774ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்வளவு ஏறிற்று. 250 ஆண்டு கழிந்தும் அகலம் அதுவே. 2017ஆம் ஆண்டில் தடிப்புக்கும் விளிம்புக்கும் வரம்பிட்டபோதும், 67 மில்லிமீற்றர், 40 மில்லிமீற்றர் என்று அளவே கூறப்பட்டது. துடுப்புச் செய்வோர் எத்தனையோ பேர் தோன்றி மறைந்தனர்; அவருள் எவருடைய பெயரும் சட்டத்தில் இல்லாமையால் எவருடைய மறைவும் சட்டத்தைத் தாக்கவில்லை.

ஆயின் துடுப்பின் அகலம் கண்ணுக்குத் தெரிவது. மோட்டரின் உள்ளியல்பு தெரிவதில்லை. எதனை அளப்பது? விட்டத்தையும் நீளத்தையும் அளத்தல் எளிது. புறக்கூட்டை மாத்திரம் அளந்தாலோ, அதனுள்ளே நீண்ட காந்தத்தைப் புகுத்துவோர் இருப்பர். ஆதலிற் சுழலியின் அளவையும் கூறல் வேண்டும். கே.வி. எண்ணை அளக்கலாம். அதிலும் ஒரு சூழ்ச்சியுண்டு. மூன்று சுருட்டொகுதிகளின் முனைகளை நட்சத்திர வடிவாகவோ முக்கோண வடிவாகவோ இணைக்கலாம். நட்சத்திரமாய் இருந்ததை முக்கோணமாக்கினால், ஒரு சுற்றுக் கம்பியும் மாற்றாமலே, கே.வி. எண் 1.73 மடங்காக உயரும். முனைகளுக்கிடையேயான தடையோ மூன்றிலொன்றாகக் குறையும். எனவே கே.வி. எண்ணையும் தடையையும் சேர்த்து அளந்தால் இச்சூழ்ச்சி மறைய இடமில்லை. ஒன்றை மாத்திரம் அளந்தால் ஏமாறுவோம்.

தடையை அளப்பதில் நடுவர் அவதானிக்க வேண்டியது வெப்பநிலை. செம்பின் தடை ஒரு பாகை செல்சியசுக்கு நூற்றுக்கு 0.39 பங்கு ஏறும். போட்டி முடிந்து கரையேறிய மோட்டர் 40 பாகை மிகையாகச் சூடேறியிருப்பின் அதன் தடை நூற்றுக்கு 16 பங்கு அதிகமாகக் காட்டும். தடை இவ்வளவிற் குறையலாகாது என்பது விதியாயின், குளிர்ந்தபோது விதியை மீறிய மோட்டர் சூடானபோது தேறிவிடும். ஆதலின் ஆறவிட்டே அளத்தல் வேண்டும். வென்றவன் பரிசைப் பெறுமுன் அரைமணி நேரம் காத்திருக்கட்டும்.

காந்தத்தின் இயல்பு இதனினும் விந்தையானது. நியோடிமியக் காந்தத்தின் சாதாரண வகைகள் 80 பாகை செல்சியசுக்கு மேல் வன்மையிற் சிறிதை என்றைக்குமாக இழக்கத் தொடங்கும். வன்மை குன்றிய காந்தம் அதே வேகத்திற் குறைந்த எதிரழுத்தத்தையே பிறப்பிக்கும். ஆதலின் அம்மோட்டர் முன்னையினும் விரைந்து சுழலும், அதன் கே.வி. எண் உயர்ந்துவிடும். முறுக்கவிசையோ குறையும். பலமுறை சூடேறிக் கிழடுதட்டிய மோட்டர் அளவுகருவியில் வேகமானதாய்த் தோன்றுவது இதனாலேதான். அறியாத நடுவர் அதனைக் கள்ளமோட்டர் எனத் தள்ளிவிடவுங்கூடும். ஆகவே கே.வி. எண்ணுக்கு விதி வரம்பிடுமாயின் ஓரளவு இடைவெளிவிட்டே வரம்பிடல் அறிவுடைமையாகும்.

மாதிரிக்கார் ஓட்டுவோர் இவ்வழியிற் படகோட்டுவோருக்கு முன்னரே நடந்தனர். அமெரிக்க மாதிரிக்கார்ச் சங்கத்தின் சாதாரண வகுப்பில் நெடுங்காலம் 27 சுற்றுக் கம்பிச் சுருளும் மாறாத 24 பாகை முற்படுத்தமும் கொண்ட தூரிகை மோட்டரே வழங்கிற்று. தூரிகையற்றது வந்தபோது 17.5 சுற்று என்பது அதற்கு ஈடாக வைக்கப்பட்டது. மோட்டரை இவ்வாறு கட்டிவைத்தும் கள்ளம் வேறுவழியாற் புகுந்தது. சுருளுக்கு மின்னோட்டம் பாயும் தருணத்தை வேகக் கட்டுப்படுத்தியின் கணிப்பொறியே ஓட்டத்தினிடையே முற்படுத்தத் தொடங்கவே, மெதுவான மோட்டர்கள் வேகமானவற்றோடு போட்டியிடலாயின. ஈற்றில், அம்முற்படுத்தல் அறவே இல்லாதபோது கட்டுப்படுத்தியிலுள்ள சிறு விளக்கு மின்னிக்கொண்டேயிருத்தல் வேண்டும் என்று விதித்தனர். அதனை மின்னும் வகுப்பு என்றே ஓட்டுநர் வழங்குவர். அளத்தற்கரிய ஒன்றைக் கண்ணாற் காணத்தக்கதாக்கிய அவ்வுபாயம் மெச்சத்தக்கது. படகுகளிற் பெரும்பாலும் நிலையுணரி இல்லாத மோட்டர்களே பூட்டப்படுவதால் அதனை அப்படியே கொள்ளுதல் இயலாது.

ஐரோப்பாவிலே நவிகா என்னும் அமைப்பின் கீழ் நடக்கும் போட்டிகளில் மோட்டரை விட்டு மின்கலவடுக்கின் நிறைக்கு வரம்பிடும் வழியைக் கைக்கொண்டனர். தராசொன்றே கருவி, அதனை ஏமாற்றுதல் அரிது. இன்ன நிறைக்குள் அடங்கும் சத்தியைக் குறித்த நேரம் முழுவதும் சிக்கனமாய்ச் செலவிடுபவனே வெல்வான். வீணாக்கியவன் இறுதி நிமிடத்தில் நடுநீரில் நிற்பான். மாதிரி மின்விமானப் போட்டிகளிற் சிலவற்றில், செலவான சத்தியைத் தானே அளந்து எல்லையை எட்டியவுடன் மோட்டரை நிறுத்திவிடும் கருவியையும் பூட்டுவர். கொள்கையளவில் இவை மோட்டர் அட்டவணையினும் மேலானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் குறுகிய ஓட்டங்களில் சிக்கனத்துக்கு இடமில்லை. அன்றியும், அதே நிறையில் மிகுந்த சத்தியுள்ள புதிய மின்கலம் ஆண்டுதோறும் வெளிவருவதால், மோட்டரில் மிஞ்சிய பணம் மின்கலத்திற் செலவாகும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்குமிடத்து, புதியவருக்கான வகுப்பில் அட்டவணையை அடியோடு ஒழித்தல் நன்றென்று நாம் கருதவில்லை. கடைக்குச் செல்லும் சிறுவனுக்கு, 'இப்பெயருள்ளதை வாங்கு' என்று கூறுவதிலும் தெளிவான வழியில்லை. ஆனால் அட்டவணையின் தலைப்பிலே விட்டம், நீளம், சுழலியின் அளவு, கே.வி. எண்ணின் உச்சம், குளிர்ந்த நிலையிற் தடையின் இழிவு என்பன விதியாக நிற்றல் வேண்டும். கீழே வரும் பெயர்கள் அவ்வளவுக்குப் பொருந்தியனவாகச் சோதித்துக் காணப்பட்ட உதாரணங்களாக மாத்திரம் நிற்றல் வேண்டும். அப்பொழுது ஒரு வணிகன் மறைந்தால் ஓர் உதாரணம் மறையும், வகுப்பு மறையாது. பெயரில்லாத மோட்டரைக் கொண்டுவருபவனும் அளவுக்குட்பட்டால் ஓட்டலாம். அளப்பது நடுவரின் பொறுப்பாகிவிடுமே, சிறிய கழகங்கள் இதற்கு எங்கே போவன என்று சிலர் தடை கூறுவர். அத்தடை வலிமையுடையதே. ஆயினும் பாடசாலை ஆய்கூடமொன்றில் உள்ள பொருள்களே இச்சோதனைகளுக்குப் போதும் என்பதைக் காட்டுவாம்.

தடையை அறிய, மோட்டரின் மூன்று கம்பிகளுள் இரண்டினூடாக 10 அம்பியர் நேரோட்டத்தைச் சில கணம் செலுத்தி, மோட்டரின் முனைகளிலேயே உவோல்ற்றுமானியை வைத்து அழுத்தத்தை வாசிக்க. 0.15 உவோல்ற்றுக் காட்டுமாயின் தடை 15 மில்லியோம். ஓட்டத்தைக் கொண்டுவரும் கம்பியும் அளக்கும் கம்பியும் வேறுவேறாயிருத்தல் வேண்டும். இன்றேல் கம்பியின் தடையும் கூடிவிடும். மூன்று சோடிக் கம்பிகளையும் இவ்வாறு அளக்க. மூன்றும் ஒத்திராவிடின் மோட்டரினுள் யாதோ நேர்ந்துள்ளது.

கே.வி. எண்ணை அறிய, மோட்டரின் அச்சை நிலைத் துளைபொறியின் பிடியில் இறுக்கி, கூடு சுழலாவண்ணம் பற்றிக்கொண்டு, நிமிடத்துக்கு 3,000 சுற்றிற் சுழற்றுக. எவையேனும் இரண்டு கம்பிகளுக்கிடையே ஆடலோட்ட உவோல்ற்றுமானியை வைக்க. 2030 எண்ணுள்ள மோட்டராயின் அது 1 உவோல்ற்றிற் சிறிது மிகையாகக் காட்டும். கே.வி. எண் உயர்ந்த மோட்டர் அதனிற் குறைவாகவே காட்டும் என்பதைக் கவனிக்க. துல்லியமான எண் வேண்டாதபோது, விதிக்குட்பட்டதென்று முன்னரே அறிந்த மோட்டரொன்றை அதே பொறியிற் சுழற்றி இரண்டையும் ஒப்பிட்டாற் போதும். துளைபொறியின் வேகத்தில் உள்ள வழு இரண்டுக்கும் பொதுவாய் ஒழிந்துவிடும். அதிர்வெண் காட்டும் கருவியும் இருக்குமாயின் சுழலியின் காந்தமுனைவுகளையும் எண்ணிவிடலாம்: 3,000 சுற்றில் ஆறு முனைவுள்ளது செக்கனுக்கு 150 அலைவும், நான்கு முனைவுள்ளது 100 அலைவும் காட்டும்.